ஜன்னலில் சொன்ன அர்த்தம்

சங்கத் தலைவர் பொய் எழுதியிருக்கிறார்.

அச்சுக்குப் போகவிருக்கும் புத்தகத்தின் முன்னுரை நகல் என் முன்னால் இருக்கிறது. "யார் மனமும் நோகும்படி ஒரு வார்த்தை பேசாதவர்" என்று செத்துப்போனவரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அது நிஜம். அதற்கு அடுத்த வரி: "அவர் படித்துச் சொன்ன காகிதத்தால் நம் தெருவில் ஒரு குடும்பமும் கெட்டதில்லை." அது பொய். பொய் என்று எழுதியவருக்கே தெரியும். சங்கத் தலைவர் என் பெரியப்பா, என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். கெட்ட குடும்பம் எங்களுடையது.

இறந்தவரை நினைத்து ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், புத்தகத்தின் கடைசியில் போடுகிறோம் என்று எங்கள் தெருச் சங்கத்திலிருந்து வீடு வீடாக வந்து சொல்லிப்போனார்கள். எனக்கு ஒரு பக்கம் போதாது. நான் ஏழாவதோடு நின்று கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். இங்கிலீஷ் வராது. தமிழ் வரும். வருகிற தமிழில் எழுதியிருக்கிறேன். போட்டால் வெட்டாமல் போடுங்கள்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அட்டையில் பெரிதாகப் போடப் போகிறீர்கள், அது போதும். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து முழுவதற்கும் அவர் "சார்". அவ்வளவுதான்.

சார், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தார். வருகிற தபாலையும் போகிற தபாலையும் நோட்டில் ஏற்றுகிற வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவார். முகம் கழுவி, பனியன் மேல் துண்டு போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு இரும்பு மடக்கு நாற்காலியை விரித்து உட்காருவார். நாங்கள் வெளியே சந்தில் நிற்போம். ஜன்னலில் ஐந்து கம்பிகள். காகிதத்தைக் கம்பிக்கு நடுவில் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், பிரசாதம் வாங்குகிற மாதிரி. காசு வாங்க மாட்டார். ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ரேஷன் கார்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், பி.எஃப். பாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் போய்த் திரும்பி வரும்.

பக்கத்துத் தெருக்களில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்த வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் தொண்ணூற்றொன்றில் இந்தக் கன்னட ஊரில் தமிழர்களை அடித்த காவேரிக் கலவரம் நடந்த பிறகு, வெளி ஆளிடம் காகிதத்தை நீட்ட எங்கள் ஜனங்களுக்குக் கை வரவில்லை. பேர், அப்பா பேர், சொந்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். எவனிடம் காட்டுவது? அதனால் எல்லாக் காகிதமும் ஒரே ஜன்னலுக்குப் போனது. ஒரு தெருவின் எல்லா விஷயமும் ஒரு மனிதருக்குள் போய் விழுந்தது. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அவருக்குப் பைத்தியம் ஒன்று உண்டு. இங்கிலீஷில் பெரிய பெரிய வார்த்தைகளை அவர் மதிக்கவே மாட்டார். சின்ன வார்த்தைகள்தான் வேண்டும். ரன், செட், கெட், டேக், கால், ஃபிட். ஒரு வார்த்தை எத்தனை இடத்தில் எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பார். எதிர்வீட்டு முனியம்மாக்கா ஒருநாள் டி.வி. செட் வாரண்டிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். காகிதத்தை அப்புறம் பார்த்தார், முதலில் "செட்"டைப் பிடித்துக்கொண்டார்.

"முனியம்மா, ஓட்டல்ல போய் இன்னா கேப்ப? செட் தோசை. கழுத்துல போடுறது நகை செட்டு. சிமெண்ட் காஞ்சா செட் ஆயிட்ச்சின்றான் மேஸ்திரி. சூரியன் எறங்குனாலும் செட்டு. உன் வூட்டுக்காரன் சாயங்காலம் ஒரு செட்டு சேத்துக்குனு போறானே, அதுவும் செட்டு. ஒரே வார்த்தை, சம்பளம் இல்லாம எத்தன எடத்துல வேலை பாக்குது பாரு."

"அந்த வார்த்தைய எங்க வூட்டுக்கு அனுப்பு சார், பாத்திரமாச்சும் தேய்க்கட்டும்" என்றாள் முனியம்மாக்கா. சந்தே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்கும்போது மேல்பல் வரிசை மட்டும் தெரியும், கண் சிரிக்காது.

"பெரிய வார்த்தைக்குப் பயப்படாதீங்க, அது வேட்டி கட்டிக்குனு வாசல் வழியா வரும், பாத்தாலே தெரியும். சின்ன வார்த்தைதான் சந்துல பூந்து வரும்" என்று அடிக்கடி சொல்வார். அவர் சாவுக்கு வந்தவர்கள்கூட இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று எப்போதும் அவர் மடியில் இருக்கும். பக்கத்துக்கு ஒரு வார்த்தை. மேலே பெரிதாக அந்த வார்த்தை, கீழே ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வரி. அந்த வரிகளை அவர் தானாக எழுதவில்லை. நாங்கள் கொண்டுபோகும் காகிதங்களிலிருந்து எடுத்தார். படித்துக்கொண்டே வருவார், சட்டென்று நிறுத்தி, "இந்த வரிய ஏத்திக்கட்டுமா?" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். எங்கள் வீட்டுக் கடுதாசி சார் நோட்டில் ஏறிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பரிட்சையில் பாஸான மாதிரி. அந்த நோட்டைத்தான் இப்போது சங்கம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் புத்தகம் என்று அச்சடிக்கிறது.

இனி ஜன்னலைப் பற்றிச் சொல்கிறேன். இதுதான் முக்கியம்.

ஜன்னலில் நிற்பது பெண்கள். ஜன்னலில் நல்ல சேதி மட்டும்தான் வரும். கெட்ட சேதி இருந்தால், சார் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, "வூட்ல ஆம்பள யாரு? வரச்சொல்லு" என்பார். அந்த ஆள் வந்ததும் "உள்ள வாங்க" என்று கதவைத் திறப்பார். ஜன்னலைச் சாத்துவார். சார் வீட்டு வாசலில் எவன் செருப்பாவது கிடந்தால் அந்த வீட்டில் எதுவோ நடக்கப் போகிறது என்று சந்து முழுக்கத் தெரியும். எவளும் எதுவும் கேட்க மாட்டாள். அடுப்பில் வேலை இருப்பது போல உள்ளே போய்விடுவோம். "உள்ள வாங்க" என்ற வார்த்தையே எங்கள் தெருவில் கெட்டுப்போனது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக்கூட "வாங்க, ஒக்காருங்க" என்போமே தவிர, உள்ளே என்று சொல்ல மாட்டோம்.

ஏன் சார் பெண்களிடம் சொல்ல மாட்டீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். அதட்டவில்லை, கோபப்படவில்லை.

"தாங்க மாட்டீங்கம்மா" என்றார், அவ்வளவு பிரியமாக.

முனியம்மாக்கா வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் அப்போது அத்திபெலேயில் அவருடைய தங்கை வீட்டில் இருந்தார். அக்கா கடிதத்தைக் கொண்டுபோனாள். கம்பெனி பெரிய முடிவு எடுத்திருக்கிறது, வேலை நேரத்தை மாற்றப் போகிறார்கள், புதுசாகக் கூப்பிடுவார்கள் என்று சார் ஜன்னலில் சொன்னார். "டேக்" என்ற வார்த்தைக்கு எத்தனை உபயோகம் என்று பத்து நிமிஷம் பேசினார். அக்கா வீட்டுக்கு வந்து சேமியாப் பாயசம் வைத்தாள், எங்கள் வீட்டுக்கும் ஒரு டம்ளர் வந்தது. மறுநாள் சாயங்காலம் அவளுடைய கொழுந்தனாரின் செருப்பு சார் வாசலில் கிடந்தது. அடுத்த வாரம் ஊரிலிருந்து திரும்பி ஃபாக்டரிக்குப் போன வீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பாவையும் டூல்ஸ் பையையும் எடுத்துக்கொண்டு வேலையில்லாமல் வந்து நின்றார். கொழுந்தனாருக்கு ஒரு வாரமாகத் தெரியும். பொண்டாட்டிக்குத் தெரியாது. அக்கா யாரையும் திட்டவில்லை. பாயசம் வைத்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், அப்புறம் ரொம்ப நாள் அதை எடுக்கவே இல்லை.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தொண்ணூற்று நாலில் என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்களுக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்த ஆண் இல்லை. அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும்தான். பார்த்தது பெரியப்பா. மாப்பிள்ளை வீடு ஒக்கலிபுரம். பையன் லாரி டிரைவர், அத்திபெலே டிரான்ஸ்போர்ட்டில் பம்பாய் லைன் ஓட்டிக்கொண்டிருந்தான். துபாயில் டிரைவர் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், விசா வரவேண்டியதுதான் பாக்கி என்றார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று பேச்சு. என் அக்கா அந்த வீட்டுக்கு, அந்தப் பையனின் தங்கை பெரியப்பா மகனுக்கு. ஒரே மேடையில் இரண்டு கல்யாணம். ஒன்று நின்றால் இன்னொன்றும் நிற்கும்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். "எம்புள்ளயோட துபாய்க் காகிதம் பூரா இதுல கீது. யார்கிட்ட வேணா காட்டிக்க" என்றாள். அந்த அம்மாளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஃபைலில் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒளிக்க நினைத்தவள் மொத்தத்தையும் தூக்கி மடியில் வைக்க மாட்டாள்.

ஃபைலை ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு போனவள் நான்.

மேலே கம்பெனிப் பேர் அச்சடித்த பெரிய தாள் ஒன்று. அதைப் படித்துச் சிரித்தார். நல்ல எடம்மா, நல்ல கான்ட்ராக்ட் என்றார். பாஸ்போர்ட் நகல், போட்டோ. கடைசியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. அதைப் படித்தார். படித்து முடித்தும் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். சந்தில் குழாயடியில் யாரோ குடம் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"வூட்ல ஆம்பள யாரு?" என்றார்.

"யாருமில்ல சார், பெரியப்பாதான். இன்னா சார் எழுதியிருக்குது அதுல?"

"ஸ்வல்ப இரும்மா. இது மெடிக்கல் சீட்டு, எல்லாருக்கும் எடுப்பான். ஃபிட்டு, அன்ஃபிட்டுன்னு போடுவான்."

"மாப்ளைக்கு இன்னா போட்டிருக்கான்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், மேல்பல் வரிசை மட்டும். "நீ கார்மெண்ட்ஸ்ல இருக்கறவ, ஃபிட்டுன்னா உனக்குத் தெரியாதா? சட்டை ஒடம்புக்கு ஒக்காந்தா ஃபிட்டு. கொழா மாட்றவன் ஃபிட்டர். வலிப்பு வந்தா ஃபிட்ஸு. கஸரத் பண்ணி ஒடம்ப ஏத்துறவன் ஃபிட்டா கீறான். ஒரு சட்டை ஒருத்தனுக்கு ஃபிட் ஆகலன்னா சட்டை கெட்டதா, ஆளு கெட்டவனா? வேற சட்டை போட்டுக்கறான். அந்த மாதிரிதான் இது. நீ போ, பெரியப்பாவ மட்டும் ஒரு எட்டு வரச்சொல்லு, கையெழுத்து விஷயம் ஒண்ணு கேக்கணும்."

நான் சிரித்தேன். சட்டை உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. என் தொழிலை வைத்துச் சொன்னாரே என்று சந்தோஷம். நான் நின்றுகொண்டிருக்கும்போதே நீல நோட்டைத் திறந்து, அந்தச் சீட்டிலிருந்து ஒரு வரியை எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம், "உன் மாப்ள காகிதம் சார் நோட்டுல ஏறிட்ச்சி" என்று சொன்னேன். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது எல்லோரும் வார்த்தையின் மேல் பழி போடலாம். ஒரு வார்த்தைக்குப் பல அர்த்தம், அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லலாம். இல்லை. வேறு இடத்தில் அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்தச் சீட்டில் ஒரே அர்த்தம். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதைப் படித்துப் புரிந்துகொண்ட ஆள் அன்றைக்கு எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

பெரியப்பாவிடம் போய் ஃபைலைக் கொடுத்து, சார் வரச்சொன்னார் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஓவர்டைம். பெரியப்பா போனாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஃபைலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, பத்திரிகை அடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். டீ குடித்தார். அக்கா தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். ஆவணியில் ஒரே மேடையில் இரண்டு கல்யாணமும் நடந்தன. சார் வந்து மொய்க் கவரோடு ஒரு தமிழ் - இங்கிலீஷ் டிக்‌ஷனரியும் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

விசா வரவேயில்லை. வரும் வரும் என்றார்கள். நாலு வருஷத்தில் அக்கா புருஷன் லாரியிலிருந்து இறங்கினான், கட்டிலில் படுத்தான், போய்ச் சேர்ந்தான். காசநோய் என்று ஒக்கலிபுரத்தில் சொன்னார்கள். மூன்று மாதம் அவனைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டது அக்கா. பெண்கள் தாங்க மாட்டார்களாம். பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க மறுநாள் வரச்சொன்னார்கள். அக்காவால் பொறுக்க முடியவில்லை, என்னிடம்கூடச் சொல்லாமல் அவளே ஜன்னலுக்குப் போய் நின்றிருக்கிறாள். வந்து எனக்குச் சொன்னாள். சார் ரொம்ப நேரம் படித்தாராம். உடம்பில் சத்து இல்லை, ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறது என்றாராம். பிறகு, "ஒங்க பெரியப்பாவ வரச்சொல்லும்மா" என்றாராம். சொல்லும்போது சாரின் கை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றாள். "பாவம்டி, அவருக்கும் வயசாயிட்ச்சி, கண்ணு செரியா தெரியல" என்றாள். அவர் மேல் பரிதாபப்பட்டாள் என் அக்கா.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு கன்னடக்கார நர்ஸ் காகிதத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாரூ நிமகெ ஹேள்லில்வா?" என்றாள். யாருமே உங்களுக்குச் சொல்லவில்லையா என்று. பிறகு அவளே சொன்னாள். ஜன்னல் இல்லை, கம்பி இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராகச் சொன்னாள். எய்ட்ஸ். அக்கா அழவில்லை. "எவ்ளோ வர்ஷமா இது ஒடம்புல இருந்திருக்கும் சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தாள். அந்த இரண்டு வருஷமும், செத்த பிறகு இத்தனை வருஷமும், எங்கள் சொந்தத்தில் ஒரே பேச்சுதான். பெரியப்பாதான் ஆரம்பித்தார். "சின்னவதான ஃபைல எடுத்துக்குனு போய் கேட்டுட்டு வந்தா? எல்லாம் நல்லா கீதுன்னு அவதான சொன்னா?" என் அம்மா சாகும்வரை என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்குக் கேட்டது போல இருந்தது. நான் சரியாக விசாரிக்காததால் அக்கா செத்தாள் என்று நானே நம்பினேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என்னைப் பெண் கேட்க வந்தவர்களிடம் எந்தக் காகிதத்தையும் நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சார் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு தரம் வந்தார். அக்கா காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம். வாசலுக்கு வரவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, சந்தில் வந்து நின்றார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். எப்போதும் அவர் உள்ளேயும் நான் வெளியேயும்தான் பார்த்திருக்கிறோம், சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஒரு வார்த்தைக்கு இருபது அர்த்தம் சொல்கிறவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. வயதானவர் வெளியே நிற்கிறாரே என்று, யோசிக்காமல் சொன்னேன்.

"உள்ள வாங்க சார்."

அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அடி வாங்கப் போகிற நாய் எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுத்தார். திரும்பிப் போனார். அதற்கப்புறம் என்னை எங்கே பார்த்தாலும் வேறு சந்து வழியாகப் போய்விடுவார். துக்கத்தில் அப்படி இருக்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நோட்டை அவர் சொந்தக்காரர்கள் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். சங்கம் அதை டைப் செய்யக் கொடுத்த இடத்தில் வேலை பார்ப்பது முனியம்மாக்காவின் மகள் சித்ரா. போன மாதம் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலில் சின்னதாக ஏதோ எழுதியிருக்கிறது ஆண்ட்டி, முதலில் புரியவில்லை என்றாள். வீட்டு நம்பர். அதற்குப் பக்கத்தில் "ஜ" அல்லது "உ". ஜன்னல். உள்ளே. "உ" என்று இருக்கும் இடத்தில் எல்லாம் கூடவே யாரிடம் சொன்னது என்றும் இருந்தது. தம்பி. மாமனார். மூத்த மகன். டெஸ்பாட்ச் கிளார்க் இல்லையா, எந்தத் தபால் யாரிடம் போனது என்று எழுதாமல் அவரால் இருக்க முடியாது. "டேக்" பக்கத்தில் சித்ராவின் அப்பா வேலை போன வரி இருந்தது. பிள்ளைகள் படிக்க வேண்டிய உதாரண வாக்கியம். அந்தத் தெருவில் யாருக்கு என்ன வியாதி, எவன் வேலை போனது, எந்த வீடு இடிபடப் போகிறது, எந்தப் பெண்ணின் கர்ப்பப்பையில் என்ன, எல்லாம் வரிவரியாக அதில் இருக்கிறது. பாதிப் பேருக்கு அது இன்றைக்கும் தெரியாது.

"ஃபிட்" பக்கத்தைத் திறந்தாள். சட்டை ஒரு வரி. ஃபிட்டர் ஒரு வரி. வலிப்பு ஒரு வரி. ஆறாவது வரியை அவள் தமிழில் சொன்னாள்: மேற்படி நபர் ரத்தப் பரிசோதனையில் கண்ட நோயின் காரணமாக வேலைக்குத் தகுதியற்றவர். ஓரத்தில் எங்கள் வீட்டு நம்பர். பக்கத்தில்: உ. பெரியப்பா.

முனியம்மாக்காவிடம் கேட்டேன். அவளுக்கும் இப்போது வயதாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணம் பேசிய அந்த வாரம் சார் வாசலில் பெரியப்பாவின் டயர் செருப்பு கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஜன்னல் சாத்தியிருந்ததாம். அரைமணி நேரம். "எப்டி வந்து சொல்றது? நானும் பொம்பளதான. இன்னா சேதின்னு எனக்கும் தெரியாதே" என்றாள். அவளை நான் மன்னித்துவிட்டேன். சாரை மன்னிக்கவில்லை. அவர் நல்லவர்தான். அந்த நல்ல குணத்தால்தான் என் அக்கா செத்தாள். எதிரில் நிற்கிறவளின் காகிதத்தை, அவளுடைய உயிரை, வேறு ஒரு ஆளின் கையில் கொடுத்துவிட்டு, தன் வேலை முடிந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

நோட்டை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பார்த்தார். செத்தவன் ஆயிரம் எழுதியிருப்பான், அதற்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியுமா என்றார். பெரியப்பா மகனான என் அண்ணனும் அண்ணியும் பக்கத்து அறையில் இருந்தார்கள். அண்ணி, அந்த மாப்பிள்ளையின் தங்கை. ஒரே மேடையில் நடந்த இரண்டாவது கல்யாணம். பிள்ளைகள் காலேஜ் போகின்றன. பெரியப்பா அந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துடச் சொல்றேன். போதுமா? உள்ள வா, ஒக்காந்து பேசலாம்."

நான் உள்ளே போகவில்லை.

ஒரு பக்கத்தை எடுத்தால் போதாது. எந்தப் பக்கத்தையும் எடுக்கக் கூடாது, இப்போதைக்கு எதையும் அச்சடிக்கவும் கூடாது. ஓரத்தில் "உ" போட்ட ஒவ்வொரு வரியையும் அந்தந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளிடம், அவள் முகத்துக்கு நேராகச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்கப்புறம் புத்தகம் போடுவதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் சாருக்கு நினைவுக் கூட்டம். பந்தல் போடுவீர்கள், மைக் வைப்பீர்கள், மாலை போட்ட படம் இருக்கும். தெரு முழுக்க வரும். பெரியப்பா, நீங்கள்தான் முதலில் பேசுவீர்கள். அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்லுங்கள். தொண்ணூற்று நாலில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம், சார் உங்களிடம் என்ன சொன்னார்? அதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, எந்தக் கையால் என் அக்கா தலையைத் தொட்டீர்கள்?

தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டேன். நான் வெளியே, எல்லோரும் நிற்கிற இடத்தில் நிற்பேன். அங்கே சொல்லுங்கள்.